மூன்றே வாட்டர்கலரில் இலை, இறகு, மரப்பட்டை: எந்த மூன்று?

இலைக்காம்பு

வணக்கம். ஒரு வருடமாக இந்த வாட்டர்கலர் மன்றத்தில் எல்லோரும் எழுதுவதை வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

என்னிடம் 24 வண்ணப் பெட்டி ஒன்று இருக்கிறது. போன வாரம் உதிர்ந்து கிடந்த இலை ஒன்றை மேசையில் வைத்து வரைய உட்கார்ந்தேன். பாதி பச்சை, பாதி மஞ்சள், ஓரமெல்லாம் கருகிய பழுப்பு. பெட்டியில் பச்சை மட்டும் நான்கு இருக்கிறது, ஆனால் இலையின் பச்சை அந்த நான்கிலும் இல்லை. இரண்டைக் கலந்தேன், அதன்மேல் இன்னொன்று, கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் கறுப்பு. கடைசியில் தாளில் மிஞ்சியது சேறு.

மூன்றே வண்ணம் வைத்துப் பழகு, எல்லாம் வழிக்கு வந்துவிடும் என்றார் ஒரு நண்பர். சரி என்று அதே பெட்டியிலிருந்து எலுமிச்சை மஞ்சள், செர்ரிச் சிவப்பு, வான நீலம் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்த மூன்றுதானே! பச்சை பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வந்தது. ஊதா வரவே இல்லை. ஆறிப்போன தழும்பு போல ஏதோ ஒன்று வந்தது.

நான் வரைய விரும்புவது பெரிய காட்சிகள் இல்லை. இலை, இறகு, மரப்பட்டை, கல், முடிந்தால் ஒரு பறவை. இதற்கு எந்த மூன்று சரி? மூன்றே போதும் என்பது உண்மையா, இல்லை பேச்சுக்குச் சொல்வதா?

நீர்க்கோடு

வாங்க இலைக்காம்பு. உங்கள் கையில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் எடுத்த மூன்றில்தான் கோளாறு.

ட்யூப்பையோ, கட்டி வண்ணம் இருக்கும் சின்னக் கிண்ணத்தையோ (பேன்) திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் ‘பி’ என்று தொடங்கும் குறியீடு இருக்கும். உள்ளே இருக்கும் நிறமியின், அதாவது நிறம் தரும் பொடியின், நிஜப்பெயர் அதுதான். முன்னால் இருக்கும் வான நீலம், செர்ரிச் சிவப்பு எல்லாம் தயாரிப்பாளர் வைத்த செல்லப்பெயர்கள். வான நீலம் என்று விற்பதில் பெரும்பாலும் நீலத்தோடு வெள்ளையும் இருக்கும். சாப் கிரீன், பெய்ன்ஸ் கிரே போன்றவையும் அனேகமாகக் கலவைகளே. நீங்கள் மூன்றைக் கலந்ததாக நினைத்திருப்பீர்கள், கிண்ணத்தில் ஐந்தாறு நிறமி முட்டி மோதியிருக்கும். சில மாணவர் பெட்டிகளில் குறியீடே போடுவதில்லை. அந்தப் பெட்டியை வைத்து இந்தப் பயிற்சியைச் செய்யவே வேண்டாம்.

நீங்கள் சொன்ன பொருள்களுக்கு என்னுடைய மூன்று இவை: அல்ட்ராமரைன் நீலம் (பிபி 29), பர்ன்ட் சியன்னா (பிபிஆர் 7), யெல்லோ ஓக்கர் (பிஒய் 43 அல்லது 42).

பழுப்பை எப்படிச் சிவப்புக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்பீர்கள். பர்ன்ட் சியன்னாவை நிறையத் தண்ணீர் விட்டு வெள்ளைத் தாளில் இழுத்துப் பாருங்கள், மங்கலான ஆரஞ்சு தெரியும். அல்ட்ராமரைனுக்கு நேர் எதிர்நிறம் ஆரஞ்சு. அதனால் இந்த இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அடக்கிச் சாம்பலாகும். நீலம் ஒரு பிடி கூடினால் மழைமேகம், சியன்னா கூடினால் மரப்பட்டை, தண்ணீரைக் குறைத்து இரண்டையும் கெட்டியாகச் சேர்த்தால் காக்கையின் கறுப்பு. ட்யூப் கறுப்பு தேவையே இல்லை.

பெயர் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே வேறாக இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். பர்ன்ட் சியன்னா என்ற பெயரில் பிஆர் 101 இருப்பதும் உண்டு. கலக்கும்போது அது கொஞ்சம் கூடுதல் சிவப்பாக நடந்துகொள்ளும்.

கரிச்சான்

நீர்க்கோடு அண்ணே, இங்கே வருகிற எல்லோருக்கும் நீங்கள் எழுதிக்கொடுக்கும் மருந்துச்சீட்டு இது ஒன்றுதான். :) நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

அந்த மூன்றில் சிவப்பு என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. துளிர் இலையின் பச்சையும் வராது. ஓக்கரும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் வருவது ஆலிவ் பச்சைதான். அல்ட்ராமரைனுக்குள் ஒரு சிவப்புச் சாய்வு இருக்கிறது, ஓக்கரிலும் இருக்கிறது. சிவப்பு பச்சையைக் கொல்லும். நாளைக்கே இலைக்காம்பு ஒரு செந்நிறப் பூவைக் கொண்டுவந்தால் என்ன செய்வார்?

என் மூன்று: ஹன்சா யெல்லோ லைட் (பிஒய் 3), குவினாக்ரிடோன் ரோஸ் (பிவி 19), தாலோ நீலம் பச்சைச் சாயல் (பிபி 15:3). அச்சகத்தின் மஞ்சள், மஜென்டா, சியானுக்குப் பக்கத்தில் நிற்பவை. துளிர்ப் பச்சை, ஆரஞ்சு, ஊதா, கருஞ்சிவப்பு, பழுப்பு எல்லாம் இதில் வரும்.

இது புது யோசனையும் இல்லை. யாக்கோப் கிறிஸ்டோஃப் லெ ப்ளோன் என்ற ஓவியர் நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு முழுவண்ணப் படம் எடுக்கும் முறைக்கு 1719இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அவருக்கு நல்ல நிறமி கிடைக்காததுதான் குறை. தாலோ நீலம் சந்தைக்கு வந்தது 1935இல், குவினாக்ரிடோன் 1958இல். இருநூறு வருடம் கழித்து நமக்குக் கையில் கிடைத்ததைப் பயன்படுத்தாமல் மண் நிறத்தையே கட்டிக்கொண்டு அழுவானேன்?

நீர்க்கோடு

தாலோவைத் தொடக்கக்காரர் கையில் கொடுப்பது குழந்தை கையில் தீப்பெட்டி கொடுக்கிற மாதிரி. ஊசிமுனை அளவு போட்டால் கிண்ணம் முழுக்க நீலம். தாளில் ஒட்டினால் ஈர டிஷ்யூவால் எடுக்கவும் வராது, கறை விட்டுவிடும். அல்ட்ராமரைனை முக்கால்வாசி துடைத்து எடுத்துவிடலாம். தப்பு செய்து பழகுகிறவருக்குத் துடைக்க வருகிற நீலம்தான் வேண்டும்.

கரிச்சான்

அது சரி. ஒப்புக்கொள்கிறேன். தாலோ எடுக்கும்போது மஞ்சளை முதலில் கிண்ணத்தில் போட்டு, நீலத்தைப் பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் மஞ்சள் ட்யூப்பே காலியாகும். அனுபவம்!

இலைக்காம்பு

இருவருக்கும் நன்றி. முதலில் நீர்க்கோடு அண்ணனின் மூன்றை வாங்கினேன். இலையும் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.

இலையை மறந்துவிட்டு, ஒரு தாளில் அல்ட்ராமரைனும் சியன்னாவும் மட்டும் வைத்து விளையாடினேன். இவ்வளவு சாம்பல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது! ஒரு இடத்தில் இரண்டையும் கிண்ணத்தில் கலக்காமல் தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஈரமாக விட்டேன். காய்ந்த பிறகு பார்த்தால் நீலம் தாளின் குழிகளில் பொடிப்பொடியாக இறங்கி, சியன்னா மேடுகளில் நின்று, அசல் கல் மாதிரி இருந்தது. நான் எதுவும் செய்யவில்லை, அதுவாக வந்தது.

ஆனால் இலைக்குப் போனதும் மறுபடி சேறு. பச்சைப் பகுதியும் பழுப்பு ஓரமும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஓடிக் கலந்து அழுக்காகிவிட்டது. சரிசெய்யப் போய் இன்னும் கெட்டது. மூன்று வண்ணத்திலேயே சேறு வருமென்றால் 24இல் வந்ததில் என்ன ஆச்சரியம்?

பாசிப்படிவு

இலைக்காம்பு தம்பி, ‘சரிசெய்யப் போய்’ என்று எழுதினீர்களே, நோய் அங்கேதான் இருக்கிறது.

சேறு என்று நாம் திட்டுகிற நிறத்தை ஒரு தனிச் சதுரமாக வெட்டி எடுத்துப் பார்த்தால் அழகான சாம்பல்பழுப்பாக இருக்கும். ஆற்றங்கரைக் கூழாங்கல்லுக்கு அதே நிறத்தைத் தேடி அலைவோம். அது சேறாகத் தெரிவதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். ஒன்று, பக்கத்தில் எல்லாமே அதே அழுத்தத்தில் இருப்பது. இன்னொன்று, பாதி காய்ந்த வாஷை (தண்ணீராகப் பரப்பிய வண்ணப் பூச்சை) மறுபடி பிரஷால் கிளறுவது. வாட்டர்கலரில் நாம் பார்க்கும் ஒளி நிறமிப் படலத்தைத் தாண்டித் தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. கிளறிக் கிளறி நிறமியை அப்பிவிட்டால் ஒளி உள்ளே போகாது, திரும்பியும் வராது. எந்த விலையுயர்ந்த ட்யூப் வைத்திருந்தாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது.

தாள் சொட்டச்சொட்ட ஈரமாக இருக்கும்போது கலக்கலாம். எலும்புவரை காய்ந்த பிறகு மேலே இன்னொரு வாஷ் போடலாம். நடுவே பளபளப்பு போய் மங்கலாகி, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் பாருங்கள், அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அப்போது தொட்டால் ஒன்று சேறு, இல்லையென்றால் காலிஃப்ளவர் மாதிரி விரிந்த கறை. புறங்கையைத் தாளில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம்.

இப்போது கலவை. மூன்று வண்ணமும் ஒரே அளவில் சேரும் கலவை எங்கும் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்ணம் குடும்பம் நடத்தட்டும், மூன்றாவது விருந்தாளி. இலையின் பச்சை என்றால் ஓக்கரும் நீலமும், சியன்னா துளியளவு. பழுப்பு ஓரம் என்றால் சியன்னாவும் ஓக்கரும், நீலம் துளியளவு. இரண்டு கலவைக்கும் ஓக்கர் பொது. அப்படிப் பொதுவாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், சந்திக்கும் இடத்தில் சண்டை வராது. நீங்கள் பழுப்பு ஓரத்தை நீலமும் சியன்னாவுமாகக் கெட்டியாகப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது சாம்பல். அந்தச் சாம்பல் ஓடி வந்து பச்சையில் விழுந்தால் பச்சை செத்துத்தான் போகும்.

ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் மூன்று வரிசை. நீலம்–ஓக்கர், ஓக்கர்–சியன்னா, சியன்னா–நீலம். ஒவ்வொரு வரிசையிலும் ஏழு கட்டம், ஒரு முனையில் ஒன்று சுத்தமாக, மறுமுனையில் இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே அதே கலவையைத் தண்ணீர் அதிகமாக விட்டு ஒரு தடவை. அதற்கும் கீழே மூன்றாவது வண்ணத்தைப் பிரஷ் நுனியால் தொட்டு ஒரு தடவை. 63 கட்டம். இந்த அட்டவணையை இலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலையில் இருக்கும் நிறங்களில் பத்தாவது அதில் உட்கார்ந்திருக்கும்.

காய்ந்த பிறகு எல்லாமே வெளிறும். அதனால் ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் அதிகம் என்று தோன்றினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

கிளைநிழல்

பாசிப்படிவு அக்கா சொல்லும் அட்டவணையை நானும் போட்டேன். ஒன்று போட்டேன், நன்றாக வந்தது. வேறு மூன்றுக்கு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஆறு மாதம் கழித்து என்னிடம் 19 அட்டவணை இருந்தது, ஒரு படம்கூட இல்லை. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள் தம்பி.

மரங்கொத்தி

நல்ல இழை. ஆனால் எல்லோரும் இலையிலேயே நிற்கிறீர்கள். அவர் பறவையும் கேட்டார். மீன்கொத்தியை வரையச் சொல்லுங்கள் பார்க்கலாம், அல்ட்ராமரைனும் ஓக்கரும் சியன்னாவும் வைத்து! அந்த முதுகின் பச்சை கலந்த நீலம் இந்த மூன்றில் எங்கே ஒளிந்திருக்கிறது? நான் முயன்றேன். நீல மசியில் விழுந்து எழுந்த பறவை மாதிரி இருந்தது. மூன்று வண்ணம் என்பது மண், கல், காய்ந்த இலை வரைகிறவர்களுக்கு மட்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

பாசிப்படிவு

மரங்கொத்தி, மீன்கொத்தியின் முதுகில் நீல நிறமி என்று ஒன்று கிடையவே கிடையாது. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது. மார்பின் ஆரஞ்சு மட்டும் நிறமி. ஆகவே ட்யூப்பில் அந்த நீலத்தைத் தேடினால் 24 வண்ணப் பெட்டியிலும் கிடைக்காது. அது நிறத்தைவிட ஒளி. தாள் எவ்வளவு வெளிச்சமோ அதற்குமேல் நம்மால் போக முடியாது. அப்படியென்றால் மற்ற எல்லாவற்றையும் இறக்கித்தான் அதை ஏற்ற வேண்டும்.

செவ்ருல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தார். கறுப்பு நூல் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் அந்தக் கறுப்பை மங்கலாகக் காட்டின. 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல் நீலமாகத் தெரியும். இதை ஒரு தடவை செய்து பாருங்கள், நம்பவே முடியாது.

மீன்கொத்திக்கு நான் செய்வது: பின்னணி ஆறு, கிளை எல்லாம் சியன்னா கூடிய மந்தமான சாம்பல்பழுப்பு. அடர்த்தியாகவே போடுவேன். மார்புக்குச் சியன்னாவும் ஓக்கரும், கொஞ்சம் கெட்டியாக. முதுகுக்குத் துப்புரவாகக் கழுவிய பிரஷ், கலப்பில்லாத அல்ட்ராமரைன், ஒரே இழுப்பு. நடுவே ஒரு கீற்று வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிடுவேன். படத்தில் வேறு எங்கும் சுத்த நீலம் இருக்காது. பின்னணியில் நல்ல நீல வானம் போட்டீர்களோ, கதை முடிந்தது.

கரிச்சான்

அக்கா சொன்னது முழுக்கச் சரி, இருந்தாலும் அல்ட்ராமரைன் ஊதாப் பக்கம் சாயும் நீலம். மீன்கொத்தி பச்சைப் பக்கம். எவ்வளவு மந்தப் பின்னணி வைத்தாலும் அந்தச் சாய்வு மாறாது. பறவை பார்க்கிறவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அல்ட்ராமரைனை எடுத்துவிட்டுத் தாலோ வைத்தால் என்ன? தாலோ, பர்ன்ட் சியன்னா, ஹன்சா மஞ்சள். மார்புக்குச் சியன்னா தயாராக இருக்கிறது. தாலோவும் சியன்னாவும் சேர்ந்தால் ஆழமான பச்சைக்கறுப்பு வரும், நிழல் தண்ணீருக்கு அதைவிட நல்லது இல்லை. அப்போதும் மூன்றுதான்.

மரங்கொத்தி

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆக ‘எந்த மூன்று’ என்பதற்கு ஒரே பதில் இல்லை, பறவையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறீர்கள்.

நீர்க்கோடு

அப்படிப் படத்துக்குப் படம் மாற்றிக்கொண்டே போனால் எதையும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். ஒரு மூன்றோடு குறைந்தது இருபது படமாவது போட வேண்டும். பிரஷ்ஷை எடுக்கும்போது கை தானாக எவ்வளவு நீலம் என்று அறிய வேண்டும். அது அட்டவணையில் வராது. கரிச்சான் பத்து வருடம் வரைந்தவர், அவர் மாற்றலாம்.

கரிச்சான்

எட்டு வருடம்தான் அண்ணே, கிழவனாக்கிவிடாதீர்கள்.

வெண்தாள்

இடையில் வருகிறேன். ஆண்டர்ஸ் சோர்ன் என்ற ஸ்வீடன் ஓவியரின் பேலட்டைப் (அவர் எடுத்துக்கொண்ட வண்ணத் தொகுப்பைப்) பற்றி எல்லா இடத்திலும் பேசுகிறார்களே. மஞ்சள் ஓக்கர், வெர்மில்லியன் சிவப்பு, ஐவரி பிளாக் என்ற கறுப்பு. அதை அப்படியே வாட்டர்கலரில் வைத்தால் என்ன? இயற்கைக் காட்சிக்கு ஆகுமா?

பாசிப்படிவு

அது நான்கு, வெள்ளையையும் சேர்த்து. அவருடைய தைலவண்ண முகங்களைப் பற்றித்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். எல்லாப் படத்தையும் அவர் அந்த நான்கில் வரைந்தார் என்று நினைக்க வேண்டாம், நீலம் பளிச்சென்று இருக்கும் படங்கள் அவரிடம் நிறைய உண்டு. தைலத்துக்கு வருமுன் பல வருடம் அவர் வாட்டர்கலர்க்காரர் என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீரின் சிற்றலையை அவர் வாட்டர்கலரில் போட்டிருப்பதைத் தேடிப் பாருங்கள், அசந்துவிடுவீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐவரி பிளாக்கில் லேசான நீலச்சாயல் இருக்கிறது. தைலத்தில் வெள்ளையோடு சேர்ந்து அது நீலச்சாம்பலாக நிற்கும். வாட்டர்கலரில் தண்ணீர் விட்டாலும் ஓரளவு அப்படித்தான், ஆனால் சோம்பேறித்தனமான நீலம். ஓக்கரும் கறுப்பும் சேர்ந்தால் வரும் பாசிப்பச்சை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மரப்பட்டையின் மேல் படர்ந்த பாசி, காய்ந்த புல், சிட்டுக்குருவி இதற்கெல்லாம் பொருந்தும். வெளிச்சமான வானம் வேண்டுமென்றால் ஏமாற்றம்தான்.

கிளைநிழல்

எந்த மூன்று என்று பேசும்போது எந்த மூன்று வேண்டாம் என்பதையும் சொல்லிவிடலாம். நான் சூடுபட்டவள்.

மஞ்சளுக்கு அரியோலின் (பிஒய் 40), சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் (பிஆர் 83), நீலத்துக்குக் கோபால்ட். மிக மென்மையான மூன்று, ஒன்றுக்கொன்று அவ்வளவு பொருத்தம். பூக்கள் வரைய எனக்கு யாரோ பரிந்துரைத்தார்கள். அதில் வரைந்த ஒரு படத்தைத் தோழிக்குக் கொடுத்தேன், அவள் வெயில் வரும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். மூன்று வருடம் கழித்துப் போனால், பூவைக் காணவில்லை. இளஞ்சிவப்பு முழுக்கப் போய்விட்டது, மஞ்சள் அழுக்குப் பழுப்பாகிவிட்டது. கோபால்ட் நீல நிழல் மட்டும் அப்படியே நின்றது. அவள் அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்றாள். எனக்கு அழுகை வந்தது.

24 வண்ணத்தில் ஒன்று மங்கினால் படம் தாங்கும். மூன்றில் ஒன்று மங்கினால் படத்தின் எல்லாக் கலவையும் ஒரே நேரத்தில் திரும்பிவிடும். அதனால் லைட்ஃபாஸ்ட் குறியை (ஒளியில் எவ்வளவு மங்காமல் நிற்கும் என்பதை) பார்க்காமல் வாங்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பட்டை தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதம் ஒட்டி வையுங்கள். அலிசரின் இருந்த இடத்தில் இப்போது குவினாக்ரிடோன் வைத்திருக்கிறேன், அது அசையவில்லை.

நீர்க்கோடு

இது மிக முக்கியமான பதிவு. நான் சொன்ன மண் நிறங்களில் இந்தக் கவலையே இல்லை. குகைச் சுவரில் ஓக்கர் பல்லாயிரம் வருடமாக நிற்கிறது. அல்ட்ராமரைனும் வெயிலுக்கு அசையாது, அமிலம் பட்டால்தான் நிறம் போகும்.

வெண்தாள்

இன்னொரு சந்தேகம். வெள்ளை இறகு, வெள்ளைப் பூ இதற்கெல்லாம் மூன்றோடு வெள்ளை கௌவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி வாட்டர்கலர்) சேர்த்துக்கொண்டால் தவறா?

பாசிப்படிவு

தவறென்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வெள்ளை இறகை உற்றுப் பாருங்கள், அதில் வெள்ளை எவ்வளவு குறைவு என்று தெரியும். நிழல் பக்கம் நீலச்சாம்பல், காம்புப் பக்கம் இளஞ்சூடான ஓக்கர், ஒளி நேராக விழும் விளிம்பு மட்டும்தான் தாள் வெள்ளை. நீலமும் சியன்னாவும் தேநீரைவிடத் தண்ணீராகக் கலந்து நிழலை மட்டும் போடுங்கள், இறகு தானாக வெளியே வரும். இறகுக்கு வெளியே பின்னணியை அடர்த்தியாக்கினால் இன்னும் வெள்ளையாகும். மீசைமுடி அளவு மெல்லிய வெள்ளைக் கோடு வேண்டுமென்றால் கௌவாஷ் எடுங்கள், நானும் எடுப்பேன், வெளியே சொல்ல மாட்டேன்.

இலைக்காம்பு

பத்து நாள் ஆகிவிட்டது, கணக்கு ஒப்படைக்கிறேன்.

63 கட்டத்தையும் போட்டேன். அக்கா சொன்னபடி இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பச்சைக்கு நீலம்–ஓக்கர் வரிசையில் மூன்றாவது கட்டம், சியன்னா தொட்டது, கிட்டத்தட்ட அதேதான்! நம்பவே முடியவில்லை. சந்தோஷத்தில் அன்றைக்கே வரையாமல் விட்டது தப்பு. இரண்டு நாள் கழித்து உட்கார்ந்தால் இலையில் அந்தப் பச்சை இல்லை. நரம்பை ஒட்டி மட்டும் கொஞ்சம் மிச்சம், மற்றதெல்லாம் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் போய்விட்டது. இலை என் பேலட்டுக்குள் தானாக நடந்து வந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஓக்கரைத் தண்ணீராக இலை முழுக்க விட்டேன். ஈரம் பளபளவென்று இருக்கும்போதே நரம்புப் பக்கம் நீலம் இரண்டு தொடுகை, ஓரத்தில் சியன்னா. அப்புறம் பிரஷ்ஷைக் கழுவி, மேசைக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிட்டேன், கை சும்மா இருக்காது என்று தெரியும். புறங்கை வைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. இன்னும் பத்து நிமிடம். மறுபடி பார்த்தேன். காய்ந்தபிறகு நீலமும் சியன்னாவும் கலந்த கறுப்பால் பூச்சி அரித்த ஓட்டைகள், காம்பின் நிழல். நிழலில் நீலத்தைக் கொஞ்சம் கூட்டினேன், உடனே இலை தாளிலிருந்து எழுந்த மாதிரி ஆயிற்று.

முழுக்க நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இடது ஓரத்தில் பாதி காய்ந்தபோது தொட்டுவிட்டேன், ஒரு காலிஃப்ளவர் மலர்ந்திருக்கிறது. வீட்டில் பார்த்தவர்கள் அது இலையில் இருந்த பூஞ்சைப் புள்ளி என்று நினைத்துப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

அடுத்தது ஓர் இறகு. சாம்பல், ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் பச்சையாக மின்னுகிறது. அந்த மின்னலை இந்த மூன்றில் எப்படிக் கொண்டுவருவது?

கரிச்சான்

தாலோ.

நீர்க்கோடு

கரிச்சான் சொல்வதைக் கேட்காதீர்கள். முதலில் இறகை ஜன்னலிலிருந்து தள்ளி, மின்னாத கோணத்தில் வைத்து ஒரு தடவை வரையுங்கள். மின்னலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.